கட்டம் போடாத இரண்டு பக்கம்

ஒரு ஆளை அவளுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது அந்த ஆள் வாயைத் திறந்ததும் தெரிந்துவிடும். பேச்சை வைத்து இல்லை, பல்லை வைத்து. பல் செட் செய்யும் லேபில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்க்கிறவளுக்கு அந்தப் புத்தி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளைப் பார்த்து மெழுகில் பல்வரிசை அடுக்குவது அவள் வேலை. முகத்தில் மாஸ்க், கண்ணில் பூதக்கண்ணாடி, கையில் சுடவைத்த சின்னக் கத்தி. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. அவளுக்கு அது ரொம்பச் சௌகரியமாக இருந்தது. தெருவில் அவள் பேர் பல்லக்கா.

அந்தப் பல்லக்கா ஒரு காமிக்ஸ் புத்தகம் வரைந்தாள். குழந்தைகளுக்கானது என்று நினைத்துவிட வேண்டாம். பெரியவர்கள் படிக்கிற, அலமாரியில் தானாக நிற்கிற அளவுக்குத் தடிமனான ஒரு முழு நாவல், படமாகவே. லேபிலிருந்து வந்ததும் சாப்பாட்டு மேஜையில் பாதியைத் துடைத்துக் காயவிட்டு, மறுபாதியில் சாப்பிட்டு முடித்து, காய்ந்த பாதியில் உட்கார்ந்து வரைவாள். ஒரு பக்கம் முடிய சில சமயம் ஒரு மாசம் ஆகும். ஆறேழு வருஷம் இப்படியே ஓடியது. அவள் வரைந்த ஜனங்கள் எல்லோருக்கும் பல் மட்டும் அச்சு அசலாக இருக்கும். மூக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், பல் தப்பாது.

அவள் கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊரே மாஸ்டர் என்று கூப்பிடும்போது நாம் மட்டும் வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது? பழகுகிற வண்டியில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தடுமாறினால் இவர் மிதித்துவிடுவார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மனிதர் வண்டியை விட்டு இறங்கிய பிறகும் அந்தக் காலை எடுப்பதில்லை. அவள் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடித்து வைப்பவர் இவர். அவளுக்கு எங்கே வலிக்கிறது என்று டாக்டரிடம் சொல்வதும் இவர். ஹோட்டலில் அவளுக்கு எது பிடிக்கும் என்று சர்வரிடம் சொல்வதும் இவர். கெட்ட எண்ணம் துளிகூடக் கிடையாது. "எங்க அண்ணன் தங்கம். வாய மூடிட்டு இருக்கிற தங்கமா இருந்தா இன்னும் நல்லா இருக்கும்" என்று மாடியில் குடியிருக்கும் அவர் தங்கச்சி சொல்வாள். அண்ணனை வைத்துக்கொண்டேதான் சொல்வாள்.

புத்தகத்தின் கதை அவளுடைய சொந்தக் கதை. சின்ன வயதில் அவள் அப்பா அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போய், பக்கத்தில் உட்கார்ந்து கத்திய கத்தலில் அவள் வண்டியை யார் வீட்டுச் சுவரிலோ கொண்டுபோய் முட்டிவிட்டாள். அதற்குப் பிறகு ஸ்டியரிங் பக்கமே அவள் போகவில்லை. முப்பது தாண்டி, லேப் ஊருக்கு வெளியே மாறியபோது, வேறு வழி இல்லாமல் மாஸ்டரிடம் பழக வந்தாள். மைதானத்துக்குள் எல்லாம் சரியாகத்தான் ஓட்டினாள். வெளிக்கேட்டுக்கு வந்ததும் வண்டி நின்றுவிடும். தினமும் அதே இடம், தினமும் அதே கதை. கடைசியில் ஒருநாள் மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கி வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். "இப்ப என் பக்கம் பிரேக்கே கிடையாது. ஓட்டறதும் நிறுத்தறதும் உங்க இஷ்டம்" என்றார். அவள் ஓட்டினாள். அடுத்த வருஷம் கல்யாணம்.

இந்தக் கதையை மாஸ்டர் தன்னிடம் பழக வந்த ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறார். "என் மேல பாதி நம்பிக்கை, அவ மேல பாதி நம்பிக்கை. துளிகூட பயமில்ல எனக்கு" என்று முடிப்பார். அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வராததால்தான் வரைந்தாள்.

அவள் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் கட்டங்கள். வண்டிக்குள் இருக்கிற பெண்ணைச் சுற்றிச் சின்னச் சின்னதாக, போகப் போக இன்னும் சின்னதாக, மூச்சு முட்டுகிற அளவுக்குக் கட்டங்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கிற பக்கம் ஒரு வலது பக்கம். அங்கே படிக்கிறவர் தாளைத் திருப்புவார். திருப்பினால் இடதும் வலதும் சேர்ந்து ஒரே படம். ஒரு கட்டம் கிடையாது. அகலமான ரோடு, வானம், நட்டநடுவில் எதிரே வருகிற சின்னக் கார். அதில் அவள் இடது பக்கத்தாளில், சம்மணம் போட்டவர் வலது பக்கத்தாளில். புத்தகத்தின் தையல் சரியாக இரண்டு சீட்டுக்கும் நடுவில் விழும்படி அவள் அளந்து வைத்திருந்தாள். அந்த இரண்டு பக்கத்துக்காகத்தான் மற்ற எல்லாப் பக்கமும்.

பதிப்பகங்கள் ஏறி இறங்கியாயிற்று. ஒருவர், "இது குழந்தைங்க புக்கா, பெரியவங்க புக்கா? எந்த அலமாரியில வைக்கறது?" என்று கேட்டார். அலமாரி கிடைக்காத காரணத்தால் புத்தகம் வேண்டாம் என்றார். சரி, நாமே போடுவோம் என்று அவள் முடிவு செய்தாள். சேர்த்து வைத்திருந்ததை எடுத்தாள். வெள்ளைத்தாளை மடித்து ஒரு மாதிரிப் புத்தகம் செய்து, எது இடது எது வலது என்று ஒவ்வொரு பக்கமாகப் பென்சிலில் குறித்துச் சரிபார்த்தாள். எல்லாவற்றையும் பென்டிரைவில் போட்டு வைத்தாள். லேபில் அந்த வாரம் வேலை தலைக்கு மேல் இருந்தது. "குடு, நான் போற வழிதானே" என்று மாஸ்டர் வாங்கிக்கொண்டு போனார்.

பிரஸ்காரர் மாஸ்டரிடம் வண்டி பழகியவர். ஊரில் பாதிப்பேர் அவரிடம் பழகியவர்கள்தான். ஃபைலைத் திறந்து பார்த்த பிரஸ்காரர், "மாஸ்டர், கடைசியில ஒரு பக்கம் சும்மா வெள்ளையா இருக்கு, வீணாப் போகுது" என்றார். மாஸ்டருக்கு ஒரு பக்கம் வீணாகப் போகிறது என்றால் பொறுக்குமா? அவளுக்கே தெரியாமல் அவளை மகிழ்விக்க ஒரு வாய்ப்பு வேறு. கடைசி வெள்ளைப் பக்கத்தை எடுக்கச் சொல்லிவிட்டு, முதல் பக்கமாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். மேஜையில் குனிந்து அவள் வரைகிற போட்டோ. சுற்றிலும் ரோஜாப்பூ பார்டர், அவர் ஸ்கூல் நோட்டீஸில் உள்ள அதே ரோஜா. கீழே, "இவர் எங்கள் வீட்டு ஓவியர்" என்று கொட்டை எழுத்தில். அதற்கும் கீழே, இடம் மிச்சம் இருந்ததால், "கார் பயிற்சிக்கு அணுகவும்" என்று போன் நம்பர். மொத்தப் பக்கம் மாறவில்லை, அதனால் பிரஸ்காரருக்கும் எதுவும் உறுத்தவில்லை. அவர் அடிப்பதெல்லாம் எழுத்துப் புத்தகம். அதில் ஒரு பக்கம் தள்ளிப்போனால் யாருக்கு என்ன தெரியப்போகிறது?

பெட்டிகள் வீட்டுக்கு வந்தபோது மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. தங்கச்சியை மாடியிலிருந்து கூப்பிட்டு, மனைவியை நாற்காலியில் உட்காரவைத்து, முதல் பிரதியைக் கையில் கொடுத்தார். அவள் ரோஜாவைப் பார்த்தாள். போன் நம்பரையும் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அடுத்த தாளைத் திருப்பினாள். அதற்கடுத்ததைத் திருப்பினாள். சிரிப்பு நின்றுபோனது. மற்றப் பக்கங்களை அப்படியே தள்ளிக்கொண்டு நடுவுக்குப் போனாள்.

முன்னால் ஒரு பக்கம் கூடினால் பின்னால் இடதெல்லாம் வலதாகிவிடும், வலதெல்லாம் இடதாகிவிடும். வண்டி கேட்டில் நிற்கிற படத்துக்கு எதிரிலேயே ரோட்டின் பாதி வந்து உட்கார்ந்திருந்தது, திருப்புவதற்கு முன்பே. மீதிப் பாதியைப் பார்க்கத் தாளைத் திருப்ப வேண்டும். ஒரே தாளின் முன்பக்கம் அவள், முதுகுப்பக்கம் அவர்.

அவள் புத்தகத்தை மூடிப் பெட்டிமேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவுவதற்கு அங்கே ஒரு டம்ளர்கூட இல்லை.

"என்னம்மா, ரோஜா பிடிக்கலையா?" என்று மாஸ்டர் பின்னாலேயே வந்தார். நாத்தனார் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டாள். படங்கள் வரைய வரையப் பார்த்தவள் அவள். "அண்ணா, நீ கொஞ்ச நேரம் வெளிய போயிட்டு வா" என்றாள். அவர் போகவில்லை. விஷயம் மெல்ல மெல்ல அவருக்கும் விளங்கியதும், "இவ்வளவுதானே! என் பக்கத்தைக் கிழிச்சிட்டா சரியாப் போச்சு" என்று ஒரு பிரதியை எடுத்து ரோஜாவைக் கிழிக்கவே போய்விட்டார்.

"ஒரு தாளைக் கிழிச்சா ரெண்டு பக்கம் போகும்ங்க" என்றாள் அவள், குழாயைப் பார்த்தபடியே. "முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. மத்ததெல்லாம் இருந்த பக்கத்துலயேதான் இருக்கும்."

மாஸ்டர் திருதிருவென்று விழித்தார். தங்கச்சி ஒரு செய்தித்தாளை மடித்துக் காட்டி விளக்கினாள். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

அப்போதுதான் அவள் குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். அவள் சத்தம் போடுகிற ஜாதி இல்லை. "ஆறேழு வருஷமா நான் ஓட்டிட்டு வந்தேன். கேட்டுகிட்ட வரும்போது நீங்க கால வச்சிட்டீங்க" என்றாள். "நீங்க கால எடுத்ததப் பத்திதான் இந்தப் புஸ்தகமே. உங்களுக்கு அதுகூடப் புரியலையா?"

மாஸ்டருக்குப் பதில் வராமல் போனது அன்றைக்குத்தான். அவர் பதில் சொல்லியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எத்தனை கோபம் இருந்தாலும், வாயடைத்து நிற்கிற அந்த ஆளைப் பார்க்க அவளுக்குப் பாவமாகவும் இருந்தது. பாவமாக இருக்கிறதே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

மறுநாள் காலை அவர் டீகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார். திரும்பி வந்தபோது முகத்தில் பழைய களை. "எல்லாத்தையும் புதுசா அடிச்சிடலாம். ஒண்ணும் கவலைப்படாதே. பழகற வண்டிக்கு ஆள் பார்த்துட்டேன், நல்ல விலைக்கே கேட்கறான்" என்றார். அவர் பிழைப்பே அந்த வண்டிதான்.

"இதையும் நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?" என்றாள் அவள்.

"உனக்காகத்தானே..."

"எனக்காகன்னா ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. எதுவும் பண்ணாதீங்க."

அவர் அந்த ஆளுக்குப் போன் போட்டு வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொன்னார். புத்தகக் கண்காட்சியில் ஒரு மேஜைக்குப் பதிந்து வைத்திருந்தார்கள். அதற்கு இன்னும் சில வாரம்தான் இருந்தது. பேசாமல் மேஜை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று அவள் நினைத்தாள். தப்பான புத்தகத்தை ஒருவர் கையில் கொடுத்து, "இது நான் வரைந்தது" என்று சொல்ல அவளால் முடியாது. பெட்டிகள் கூடத்தில் கிடந்தன. இரண்டு பேரும் அவற்றைச் சுற்றிக்கொண்டு நடமாடினார்கள்.

லேபில் அந்த வாரம் உடைந்த பல் செட் ஒன்று வந்தது. முன்பல் ஒன்று போயிருந்தது. ஒரு பல் போனதற்காகச் செட்டையே யாரும் தூக்கிப் போடுவதில்லை. உடைந்ததை அறுத்தெடுத்து, அடியில் கொஞ்சம் விட்டுவைத்து, அந்த மிச்சத்தைப் பிடித்துக்கொண்டு புதுப்பல்லைப் பதிப்பார்கள். எத்தனையோ செட்டுக்கு அவள் செய்த வேலைதான். அன்றைக்கு அறுத்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். மாஸ்க்குக்குள்ளேயே "அட" என்றாள். பக்கத்து மேஜைப் பெண் திரும்பிப் பார்த்தாள், அக்காவின் குரலைக் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது என்பதுபோல.

சாயங்காலம் அவள் நேராகப் பிரஸ்ஸுக்குப் போனாள். தனியாகத்தான் போனாள். அவள் சொன்ன யோசனை இதுதான்: தப்பாக வந்த அந்த ஒரு தாளை ஒவ்வொரு பிரதியிலும் அறுத்தெடுப்பது, தையலோரம் ஒரு விரல் அகலம் மட்டும் விட்டுவைப்பது, அந்த விளிம்பில் இரட்டை அகலத்தில் ஒரு புதுத்தாளை ஒட்டி மடித்துவிடுவது. மடிப்பைப் பிரித்தால் ரோடு முழுசாக ஒரே தாளில் விரியும். மடித்திருக்கும்போது மேலே தெரிகிற முதுகில் மூடிய கேட்டின் படம் ஒன்றைப் புதிதாக வரைந்து கொடுத்தாள். மற்றப் பக்கங்களில் இடம் வலம் மாறியதைச் சரிசெய்ய முடியாது. அவை போகட்டும் என்று விட்டாள். அந்த ஒரு பக்கத்தை மட்டும் விட முடியாது. அவள் பேசப் பேசப் பிரஸ்காரர் தலையைத் தலையை ஆட்டினார். "நான்தான்க்கா பார்த்திருக்கணும்" என்றார். தாள் அடித்ததற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அதன்பிறகு வீடு லேபாக மாறியது. அவள் இரும்பு ஸ்கேலை வைத்து லேப் கத்தியால் அறுப்பாள். நாத்தனார் தூரிகையால் பசை தடவுவாள். அவளே மறுபடி வாங்கி விளிம்பைப் பார்த்துப் பதிப்பாள். மயிரிழை தப்பினாலும் மடிப்பு கோணிவிடும்.

"நான் என்ன பண்ணட்டும்?" என்று மாஸ்டர் வாசலில் நின்று கேட்டார். வகுப்புக்கு வெளியே நிற்கவைத்த பையன் மாதிரி இருந்தது நின்ற விதம்.

"கிழிச்சிடவான்னு அண்ணன் ரோஜாவையே பார்க்கறார் அண்ணி" என்றாள் நாத்தனார்.

அவள் யோசித்தாள். "ரோஜா இருக்கட்டும். ஆறேழு வருஷம் சாப்பாட்டு மேஜையில பாதிய விட்டுக்கொடுத்தவர். ஒரு பக்கம் கேட்க உரிமை இருக்கு" என்றாள். பிறகு ஒரு கட்டு வெள்ளை ஸ்டிக்கரை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள். "போன் நம்பர் மேல மட்டும் ஒட்டிட்டு வாங்க. எல்லாத்துலயும்."

அப்படியாகத்தான் மாஸ்டர், தன் கையாலேயே, தன் நம்பரை, பிரதி பிரதியாக மறைத்தார். தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். சிரித்தால் வேலையிலிருந்து எடுத்துவிடுவாளோ என்ற பயம். ஒட்டி முடித்த பிரதிகளின் மேல் பாரம் வைக்க அவர் டூல்பாக்ஸையும் ஸ்டெப்னி டயரையும் கொண்டுவந்து போட்டார். அதை அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் அது தேவையாக இருந்ததால் அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

கண்காட்சிக் கூடத்தில் அவர்களுக்குக் கிடைத்தது கழிவறைக்குப் போகிற வழியில் ஒரு சின்ன மேஜை. "நல்லதுதான், எல்லாரும் ஒருதடவையாவது இந்தப் பக்கம் வந்தாகணும்" என்றார் பக்கத்துக் கடைக்காரர். வந்தார்கள், போனார்கள். சிலர் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு வைத்தார்கள். அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாஸ்க் இல்லாமல் இத்தனை முகங்களுக்கு முன்னால் உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமில்லை. மாஸ்டர் பக்கத்து ஸ்டூலில் இருந்தார்.

மழைக்கோட்டுப் போட்ட ஒரு பெண் நின்றாள். மேல்வரிசையில் லேசான தெத்துப்பல். அவளுக்கு அந்தப் பெண்ணைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அந்தப் பெண் முதலிலிருந்து நிதானமாகப் புரட்டி, கட்டங்கள் சிறுத்துக்கொண்டே போவதைக் குனிந்து பார்த்து, கேட்டுக்கு வந்தாள். மடிப்பைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினாள். பிரித்தாள். ரோடு மேஜையின் விளிம்பு வரைக்கும் விரிந்தது. ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இவர் ஏன் கால மேல தூக்கி வச்சிட்டு உட்கார்ந்திருக்கார்?" என்று கேட்டாள்.

பல்லக்காவிடம் பதில் வண்டி வண்டியாக இருந்தது, ஒரு சொல் வாய்க்கு வரவில்லை. பக்கத்தில் மாஸ்டரிடம் அதே பதில் தயாராக இருந்தது, ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில். அவர் வாயைத் திறந்ததை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். திறந்த வாய் மூடியது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு அவர் எதிர்க்கடைப் பலகையைப் படிக்க ஆரம்பித்தார். காது சிவந்திருந்தது. அந்தப் பெண் காத்திருந்தாள். அவர் அப்போதும் திரும்பவில்லை.

"எங்க அப்பா பக்கத்துல உட்கார்ந்தா கத்துவார்" என்று அவள் ஆரம்பித்தாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "இவர் கத்தல. கால எடுத்துட்டார். அவர் பக்கம் ஒரு பிரேக் இருக்கும், அத மிதிக்க முடியாதபடி மேல தூக்கி வச்சிட்டார். அதுக்கப்புறம் நான்தானே ஓட்டியாகணும்? ஓட்டினேன்."

"அவ்வளவு தைரியமா இவருக்கு!" என்றாள் அந்தப் பெண்.

"எங்க தைரியம்?" அவள் குனிந்து, காருக்குள் நகக்கண் அளவே இருந்த அந்த முகத்தில் விரலை வைத்தாள். "நல்லாப் பாருங்க. கண்ண இறுக்கி மூடியிருக்கார். ரோடு முடியற வரைக்கும் திறக்கல. வேர்த்து ஊத்துது. எனக்கு இருந்ததவிட ரெண்டு மடங்கு பயம் அவருக்கு. பயமில்லாத ஆளு கால எடுத்திருந்தா நான் இத வரைஞ்சிருக்கவே மாட்டேன்."

அந்தப் பெண் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனாள். பல்லக்கா பேசுவதைக் கேட்டு நின்ற இன்னும் இரண்டு பேரும் வாங்கினார்கள்.

மாஸ்டர் மெதுவாகத் திரும்பினார். மேஜையிலிருந்து ஒரு பிரதியை எடுத்து, கேட்டைப் பிரித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி, காரைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். வரைய வரையப் பார்த்த படம்தான்.

"உனக்குத் தெரியுமா அப்போ?" என்றார்.

"பக்கத்துலதானே இருந்தேன்."

"பயமே இல்லன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேனே, இத்தனை வருஷமா. ஒரு தடவகூட நீ மறுத்ததில்லையே?"

"நீங்க சொல்லும்போது நான் எதுக்கு நடுவுல கால வைக்கணும்?" என்றாள் அவள். மாஸ்டர் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, புத்தகத்தை ரொம்பக் கவனமாக, மடிப்பு கலையாமல், இருந்த இடத்திலேயே வைத்தார்.